துணிவும் துணிகரமும்: காயமுற்றோர் மீண்டும் வான்குதிப்புக்குத் திரும்புதல்

ஒரு கலையைப் புதிதாகக் கற்கத் தொடங்குவோனுக்கு எல்லாரும் அறிவுரை கூறுவர். அவனும் தான் அறியாதவன் என்பதை அறிந்திருத்தலால் செவிகொடுத்துக் கேட்பான். ஆயின் அக்கலையைச் சிலகாலம் பயின்று, இடையே காயமுற்று, பல மாதங்கள் விலகியிருந்து, பின்னர் மீளுகின்றவனுக்கு அறிவுரை கூறுவார் சிலரே; கூறினும் அதனைக் கேட்கும் மனம் அவனுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. தான் கற்றவன் என்னும் நினைவு அவனிடத்து நிறைந்திருக்கிறது. கற்றவற்றுள் எவ்வளவு இன்று தன்னிடம் எஞ்சியுள்ளது என்னும் கணக்கோ அவனிடத்து இல்லை. இந்நிலை எல்லாக் கலைகளுக்கும் பொதுவேயாயினும், பிழையைப் பொறுக்காத கலையொன்றை எடுத்துக்கொண்டு ஆராய்வோமாயின் உண்மை நன்கு புலப்படும். அத்தகைய கலை, மேனாட்டார் ஸ்கைடைவிங் என வழங்கும் வான்குதிப்பு ஆகும்.

இவ்வாராய்ச்சிக்குத் துணையாகத் திருக்குறட் பொருட்பாலிலுள்ள நான்கு அதிகாரங்களின் பெயர்களை எடுத்துக்கொள்ளலாம். 47 ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. 48 ஆம் அதிகாரம் வலியறிதல். 49 ஆம் அதிகாரம் காலமறிதல். 50 ஆம் அதிகாரம் இடனறிதல். இவை பகைமேற் செல்லும் வேந்தனுக்கென வகுக்கப்பட்டவை. எனினும், தன்னை ஒருமுறை வீழ்த்திய களத்துக்கே மீண்டும் செல்லக் கருதும் எவனுக்கும் இந்நான்கும் பொருந்தும். முதலில் களத்தின் இயல்பைக் கண்டு, பின்னர் இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. இக்கலையின் இயல்பு

1797 ஆம் ஆண்டு அக்டோபர் 22 ஆம் நாள், பாரிஸ் நகரத்து மான்சோ பூங்காவினின்று பலூனில் மேலெழுந்த ஆந்திரே ழாக் கார்னரின் என்பார், துணிக்குடை ஒன்றன் துணையால் உயிருடன் தரையை அடைந்தார். ஆகாய விமானம் தோன்றிய பின்னரும், குடையை விரிக்கும் கயிற்றை விமானத்தோடு பிணைத்துக் குதிப்பதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. வெட்டவெளியில் விழும் மனிதன் அறிவிழந்துவிடுவான். தன் கையாற் கயிற்றை இழுக்கமாட்டான் என்று பலர் எண்ணியிருந்தனர். 1919 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆம் நாள், அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்து டேட்டன் நகரில், லெஸ்லி இர்வின் என்னும் இளைஞர் விமானத்தினின்று பாய்ந்து, சிறிது நேரம் தாமே விழுந்து, பின் தம் கையாலேயே கயிற்றை இழுத்துக் குடையை விரித்தார். பழைய எண்ணம் அன்றே பொய்யாயிற்று. ஆனால் தரையிற் படுங்கால் அவருடைய கணுக்கால் முறிந்தது.

இந்நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. இக்கலையின் முதல் வெற்றியும் முதற் காயமும் ஒரே நாளிற் பிறந்தன. இர்வின் வானத்தில் இடருற்றாரல்லர், மண்ணிலேயே இடருற்றார். இன்றைக்கும் வான்குதிப்போர் அடையும் காயங்களுட் பெரும்பாலான, தரையிறங்கும் அந்த ஓரிரு விநாடிகளில், காலிலும் கணுக்காலிலும் நேர்வனவே. இர்வின் குணமடைந்து மீண்டும் குதித்தார். பாராசூட்டுகளைச் செய்யும் தொழிலையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார்.

இக்காலத்தில் வான்குதிப்போர் ஏறக்குறைய 13,000 அடி உயரத்தில் விமானத்தை விட்டு நீங்குகின்றனர். மார்பும் வயிறும் கீழ்நோக்க, உடல் வில்போல் வளைந்து விழுவோனது வேகம் மணிக்கு ஏறத்தாழ 120 மைல் என்னும் அளவில் நிலைபெறும். அஃதாவது விநாடிக்கு 176 அடி. குடையை விரித்தற்குரிய உயரம் வந்ததும், முதுகுப் பையின் அடியிலுள்ள கைப்பிடியை வலக்கையாற் பற்றி வெளியே எறிய வேண்டும். அதனோடு இணைந்த சிறுகுடை காற்றைப் பற்றிப் பெருங்குடையை இழுத்து விரிக்கும். பெருங்குடை செவ்வனே விரியாதாயின், அதனை அறுத்து விலக்கும் கைப்பிடி வலமார்பிலும், துணைக்குடையை விரிக்கும் கைப்பிடி இடமார்பிலும் உள்ளன. மாணவன் இம்முடிவைச் செய்துகொள்ள வேண்டிய கடைசி எல்லை 2,500 அடி. குடையின்றி அவ்வுயரத்தினின்று விழுவோன் தரையை அடைய 14 விநாடிகளே ஆகும். நினைவு கூர்ந்து, ஐயுற்று, தேறி, பின் செய்தற்கு ஆண்டு நேரமில்லை. கை தானே அறிந்து செல்ல வேண்டும். விலகியிருந்தவனுக்கு உள்ள இடர் இதுவே: அவன் அறிவு மறவாதிருப்பினும் அவன் கை மறந்திருக்கக்கூடும்.

2. வலியறிதல்

வலி என்னுஞ் சொல் பழந்தமிழில் வலிமையைக் குறித்தது. இற்றை வழக்கில் நோவையுங் குறிக்கிறது. காயத்தினின்று மீள்வோனுக்கு இவ்விரு பொருளும் வேண்டியனவே. நோவு நீங்கிற்று என்பதைக் கொண்டு வலிமை வந்தது எனக் கொள்ளுதல் பெருந்தவறு.

கணுக்கால் முறிந்தவன் ஒருவனை எண்ணுக. எலும்பு கூடுவதற்குப் பொதுவாக ஆறு வாரங்கள் செல்லும். மாவுக்கட்டு அகற்றப்பட்டு, நிழற்படத்தில் எலும்பு பொருந்தியிருக்கக் கண்டவுடன், தான் குணமடைந்தேன் என்று அவன் மகிழ்கிறான். ஆயின் அசையாதிருந்த அவ்வாறு வாரங்களில் கெண்டைக்காற் சதை மெலிந்துவிட்டது, மூட்டு இறுகிவிட்டது. இவ்விரண்டினும் மறைவாக மற்றொன்றும் குறைந்திருக்கிறது. தன் மூட்டு எந்நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் நோக்காமலே உணரும் ஆற்றல் நம் அனைவர்க்கும் உண்டு. இருட்டிற் படியிறங்குவது அதனாலேயாம். காயமுற்ற மூட்டில் அவ்வாற்றல் குன்றிவிடும். அது மீள்வதற்கு எலும்பு கூடுவதினும் நீண்ட காலம் வேண்டும்.

ஆதலின் தேர்ந்த உடற்பயிற்சி மருத்துவர், நோவில்லை என்று நோயாளி கூறுவதை மட்டும் கேட்டு விடைகொடுப்பதில்லை. கண்களை மூடிக் காயமுற்ற ஒற்றைக்காலில் நிற்கச் செய்வர். குதிகாலை உயர்த்தி விரல்களின்மேல் எழுந்து நிற்பதைப் பலமுறை செய்வித்து, மற்றைக்கால் செய்யும் அளவோடு ஒப்பிடுவர். ஒற்றைக்காலால் முன்னோக்கித் தாவச் செய்து தூரத்தை அளப்பர். விளையாட்டுக்குத் திரும்புவோர்க்குக் காயமுற்ற கால் நற்காலின் ஆற்றலில் 100 க்கு 90 பங்கேனும் பெற்றிருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அளவாகக் கொள்வர். காயம் பட்டது கால் என்றால் அளவு காலிலேயே இருக்கிறது, ஆசையில் இல்லை.

தோளிற் காயமுற்றவனது நிலை வேறு. தரையில் நடப்பதற்கும், எழுதுவதற்கும், சுமை தூக்குவதற்கும் போதியதான தோள் வான்குதிப்புக்குப் போதாதிருக்கலாம். பைக்கடியிலுள்ள கைப்பிடியை எட்டுதற்குக் கையைப் பின்புறமாக வளைக்க வேண்டும். அதுவும் மணிக்கு 120 மைல் வேகக் காற்றிடையே வளைக்க வேண்டும். ஒருமுறை நழுவிய தோள்மூட்டு அந்நிலையில் மீண்டும் நழுவுமாயின் கை பயனற்றுப்போம். துணைக்குடையின் கைப்பிடியை இழுத்தற்கு 22 பவுண்டு வரையில் விசை தேவைப்படலாம் என்பது அமெரிக்க நாட்டு அளவுமுறை. அவ்விசையை இடக்கை தனியே தருமா என்பதைத் தரையில், தொங்கும் வார்க்கச்சில் இருந்தவாறு பலமுறை செய்து பார்த்தே அறிய வேண்டும். குடை விரியும்பொழுது உடல் தன் நிறையினும் மூன்று நான்கு மடங்கு விசையால் மேல்நோக்கி இழுக்கப்படும். முதுகெலும்பிலும் கழுத்திலும் காயமுற்றோர் இதனை மருத்துவர்க்கு விளங்க எடுத்துரைத்து விடைபெற வேண்டும். மருத்துவர் பலர் இக்கலையைக் கண்டறியாதவர், “விளையாடலாமா?” என்று மட்டும் கேட்டால், பந்தாட்டத்தை எண்ணி, “ஆம்” என்று கூறிவிடுவர்.

நோவடக்கும் மருந்துண்டு குதித்தல் ஒருகாலும் ஆகாது. அம்மருந்துகளுட் பல அறிவையும் விரைவையும் மழுக்குவன. அன்றியும், மருந்தின்றிக் குதிக்க இயலவில்லை என்பதே இன்னும் காலம் வரவில்லை என்பதற்குச் சான்றாகும்.

வலியறிதல் உடலோடு முடிவதன்று. கருவியின் வலியையும் அறிய வேண்டும். படுக்கையிற் கிடந்த மாதங்களிற் பலர் எடை கூடுகின்றனர். 180 சதுர அடிப் பரப்புள்ள குடையில், ஆடையும் கருவியும் சேர்த்து 180 பவுண்டு நிறையுடையவன் தொங்கினால் சதுர அடிக்கு ஒரு பவுண்டு வீதம் சுமை அமையும். அவனே 10 பவுண்டு கூடி வந்தால் அதே குடை முன்னினும் விரைந்து செல்லும், விரைந்து இறங்கும். குடை மாறவில்லை, அவனே மாறினான். மேலும், அமெரிக்க நாட்டுச் சட்டப்படி துணைக்குடையை 180 நாட்களுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற வல்லுநர் பிரித்து நோக்கி மீண்டும் மடித்துக் கட்ட வேண்டும். ஆறு மாதம் விலகியிருந்தவனது பையும் அவனைப்போலவே காலங்கடந்து கிடக்கிறது. தன் பையை வல்லுநரிடம் சோதனைக்குக் கொடுப்பதில் எவனும் வெட்கமடைவதில்லை. தன்னைச் சோதனைக்குக் கொடுக்க மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

3. காலமறிதல்

விலகியிருந்த காலம் எவ்வளவு என்பதைப் பொறுத்து மீளும் வழியும் மாறும். அமெரிக்க பாராசூட் சங்கத்தார் தம் கைந்நூலில் இதற்கு வரையறை செய்துள்ளனர். அவர்கள் வழங்கும் உரிமங்கள் நான்கு: முதல் உரிமத்திற்கு 25 குதிப்புகளும், இரண்டாவதற்கு 50 உம், மூன்றாவதற்கு 200 உம், நான்காவதற்கு 500 உம் வேண்டும். இன்னும் உரிமம் பெறாத மாணவன் 30 நாட்கள் குதியாதிருந்தால், தகுதிபெற்ற ஆசிரியரின் நேரான மேற்பார்வையிற் பழைய பாடமொன்றுக்குத் திரும்பிச் சென்று குதிக்க வேண்டும். முதல் உரிமம் உடையவனுக்கு இவ்வெல்லை 60 நாட்கள். இரண்டாம் உரிமம் உடையவனுக்கு 90 நாட்கள். மேலிரண்டு உரிமம் உடையார்க்கு 6 மாதங்கள். இவ்வெல்லைகளைக் கடந்தோர் ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையிற் குதித்துத் தம் ஆற்றலை மெய்ப்பித்தல் வேண்டும்.

இவ்வரையறையில் ஒரு நுட்பம் உண்டு. குறைவாகக் குதித்தவன் விரைந்து மறப்பான் என்பதும், மிகுதியாகக் குதித்தவனும் மறப்பான் என்பதும் ஒருங்கே இதனுள் அடங்கியுள்ளன. 500 முறை குதித்தவனுக்கு விதிவிலக்கு இல்லை. தவணை மட்டும் நீளும். பதிவேட்டில் எழுதிய எண்ணிக்கை சென்ற காலத்துக்கு உரியது. வானம் அவ்வேட்டைப் படித்துப் பார்ப்பதில்லை.

இனி, காலம் செல்ல மறப்பது இயல்பேயாயினும், மறந்ததெல்லாம் அழிந்ததென்று எண்ணி மனமுடைவதும் வேண்டா. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடஞ் செய்து, மறந்து, மீண்டும் மனப்பாடஞ் செய்து, நினைவாற்றலின் இயல்பை அளந்து 1885 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். முன்பு கற்று மறந்ததை மீண்டும் கற்றற்கு முதன்முறை ஆன அத்துணை நேரம் ஆவதில்லை என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. நினைவிற் சிறிதும் இல்லை என்று தோன்றுவதும் உள்ளே வேர்கொண்டிருக்கிறது. நீர் ஊற்றினால் விரைந்து தளிர்க்கும். மீள்வோனுக்கு இஃது இரண்டு செய்திகளைக் கூறுகிறது. மீண்டும் கற்க வேண்டும் என்பது ஒன்று. அது நெடுநாள் ஆகாது என்பது மற்றொன்று. முதலாவதை மறந்தவன் செருக்குறுவான். இரண்டாவதை மறந்தவன் சோர்வுறுவான்.

4. இடனறிதல்

மீளும் குதிப்புக்கு இடமும் காற்றும் தேர்ந்துகொள்ளப்பட வேண்டும். மேற்கூறிய சங்கத்தார், தனியே குதிக்கும் மாணவர்க்கு நிலத்துக்காற்று மணிக்கு 14 மைலுக்கு மேற்படலாகாது என்றும், மாணவரும் முதல் உரிமத்தாரும் இறங்கும் வெளி, மரம், கட்டடம், மின்கம்பி முதலிய இடையூறுகளினின்று எப்புறமும் 100 மீட்டரேனும் விலகியிருக்க வேண்டும் என்றும் விதித்துள்ளனர். மேலுரிமம் பெற்றவனுக்கு இவ்வளவு பெரிய வெளி வேண்டுவதில்லை. ஆயினும் காயத்தின்பின் வரும் முதல் நாளில் அவன் மாணவர்க்குரிய வெளியையும், மாணவர்க்குரிய காற்றையும், முன்னினும் பெரிய குடையையும் தனக்கு உரியனவாக ஏற்றுக்கொள்வானாயின், முதற் காயத்துக்குக் காரணமாயிருந்தவற்றுட் பெரும்பாலானவற்றைத் தவிர்த்தவன் ஆவான்.

தான் முன்பு காயமுற்ற அதே களத்தில் திரும்பக் குதிப்பதா, வேறு களத்திலா என்பதும் சிந்திக்கத்தக்கது. அவ்விடத்தைக் கண்டாலே உடல் நடுங்குவோர் வேறிடத்தில் தொடங்கிப் பின் அவ்விடத்திற்கு வருதல் நலம். தன்னை நன்கறிந்த ஆசிரியர் உள்ள இடமே சிறந்ததென்பர் சிலர். அவர்கள் கூற்றும் உண்மையே. எவ்விடமாயினும், முன்பு நேர்ந்ததை ஒளியாமல் ஆசிரியர்க்கு உரைத்தல் வேண்டும். காயத்தை மறைத்து விமானத்தில் ஏறுபவன், தன்னைக் காக்க வந்தவர் கண்களையே கட்டிவிடுகிறான்.

5. தெரிந்து செயல்வகை

உடலும் காலமும் இடமும் ஒத்தபின் செயல் தொடங்கும். அச்செயலுக்கு ஒரு முறை உண்டு. அம்முறை தரையிலிருந்தே தொடங்குகிறது.

முதற்படி தரைப்பாடம். விமானத்தினுள் நடந்துகொள்ளும் முறை, கருவிகளின் அமைப்பு, வெளியேறுதல், விழுநிலை, குடையைச் செலுத்துதல், இடுக்கண் வந்தவிடத்துச் செய்வன ஆகிய அனைத்தையும் முதல்நாள் மாணவனோடு அமர்ந்து கேட்டலே சிறந்தது. விரிந்த குடையை நோக்கிக் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: குடை இருக்கிறதா? வடிவம் நேரியதா? என் கைக்கு இணங்கித் திரும்புகிறதா? இவற்றுள் ஒன்றற்கேனும் இல்லை என்பது விடையாயின், முதலில் அறுத்து விலக்கல், அடுத்துத் துணைக்குடை. இவ்வரிசை நாவினின்று வந்தாற் போதாது. தொங்கும் வார்க்கச்சில் இருக்கும்பொழுது ஆசிரியர் எதிர்பாராத நேரத்திற் குரல்கொடுக்கக் கையினின்று வர வேண்டும்.

இரண்டாம்படி வீழ்ந்திறங்கும் பயிற்சி. கால்களையும் முழங்கால்களையும் ஒருங்கே சேர்த்து, சிறிது மடக்கி, முன்பாதம், கெண்டைக்காலின் புறம், தொடையின் புறம், இடுப்பு, முதுகின் பக்கத் தசை என்னும் ஐந்திடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையிற் படுமாறு உருளுதலே அப்பயிற்சி. ஒரே மூட்டின்மேல் விழவிருந்த அதிர்ச்சி இதனால் உடலெங்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. நின்றபடி இறங்குதல் கண்டோர்க்கு அழகியது. உருண்டு இறங்குதல் ஆடையை மண்ணாக்குவது; ஆயினும் கணுக்காலைக் காப்பது. காயமுற்றவர்களுட் பலர் எழிலாக நிற்க முயன்றே காயமுற்றனர். மீள்வோன் முதலில் இழக்கவேண்டியது அவ்வெழிலின்மேல் உள்ள ஆசையை. இப்பயிற்சியைத் தரைமட்டத்திலும், பின் சிறு மேடையினின்றும், பன்முறை இருபுறமும் செய்து பழகின், கால் தன்மேல் நம்பிக்கை கொள்ளும்.

மூன்றாம்படி, வாய்ப்புள்ள இடங்களில், கீழிருந்து மேலாகக் காற்றைச் செலுத்தும் கூண்டிற் பயிலுதல். ஆண்டு விழுநிலையின் உடலமைப்பை உயரத்தின் அச்சமின்றி நினைவுகூரலாம். எனினும் அக்கூண்டில் உயரமானி இறங்குவதில்லை, குடை விரிவதில்லை, நிலம் எதிர்வருவதில்லை. ஆகையால் அங்குப் பெற்ற தேர்ச்சியைக் கொண்டு முழுத்தேர்ச்சி எனக் கொள்ளலாகாது.

நான்காம்படியே குதிப்பு. முதற்குதிப்பின் நோக்கம் உயிர்காக்கும் திறங்களைப் புதுக்குதல் ஒன்றே: நிலையாக விழுதல், உயரமானியை இடையிடையே நோக்கல், கைப்பிடியைத் தொட்டுப் பழகல், வழக்கத்தினும் உயரத்திற் குடையை விரித்தல், காற்றை எதிர்நோக்கி அமைதியாக இறங்குதல். கரணம், கூட்டுவடிவம், விரைந்த திருப்பம் முதலியன பின்னாளுக்கு உரியன. சங்கத்தாரின் கைந்நூலும் உயிர்காக்கும் திறங்களைக் கூர்மை செய்யும் குதிப்புகளே முந்தியிருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. அதன்பின் ஒருவரோடு, அதன்பின் இருவரோடு, அதன்பின் பலரோடு எனப் படிப்படியாக ஏறலாம்.

குறிப்பிட்ட உயரத்திற் குதிப்போன் இன்னும் விரைந்து வீழ்வதைத் தானே உணர்ந்து துணைக்குடையை விரிக்கும் சிறு கருவிகளும் இன்று உள்ளன. 1991 ஆம் ஆண்டு முதல் பரவிய சைப்ரஸ் என்னும் கருவி அவற்றுட் பெயர்பெற்றது. அதனால் உயிர்பிழைத்தோர் பலர். எனினும் அதனை நம்பிக் கையைச் சோம்பவிடுதல் அறிவுடைமையன்று. அது கடைசி வாயில், முதல் வாயிலன்று.

6. அச்சத்தின் இயல்பு

உடல் தேறியும், கை தேறியும், மனம் தேறாதிருத்தல் உண்டு. இதனைக் கோழைமை எனக் கொள்வோர் மனத்தின் இயல்பை அறியாதவர்.

அமெரிக்க உளநூலார் வால்ட்டர் ஃபென்ஸ், சீமர் எப்ஸ்டைன் என்னும் இருவர், பாராசூட்டிற் குதிப்போரின் இதயத்துடிப்பு, மூச்சு முதலியவற்றை விமானம் மேலெழுந்த காலமெல்லாம் அளந்து 1967 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புதியோரிடத்துக் கிளர்ச்சி குதிக்கும் கணம்வரை ஏறிக்கொண்டே சென்றது. பழகியோரிடத்தும் கிளர்ச்சி எழுந்தது. ஆனால் அது முன்னரே உச்சியடைந்து, குதிக்கும் நேரம் நெருங்க நெருங்கத் தணிந்தது. ஆகவே பழகியோன் அச்சமற்றவன் அல்லன். அவன் அச்சத்தை நேரத்தோடு பட்டு முடித்தவன். அஞ்சவேண்டியவற்றைத் தரையிலேயே அஞ்சி, பையைச் சோதித்து, காற்றை நோக்கி, வாயிலை அடையும்பொழுது அவன் மனம் ஓய்ந்திருக்கிறது.

காயத்தினின்று மீள்வோன் தான் பழகியோன் என்று எண்ணி விமானத்தில் ஏறுகிறான். ஆனால் அவன் நெஞ்சு புதியோனைப்போல் துடிக்கக்கூடும். அதுகண்டு வியப்புறவோ நாணவோ வேண்டா. பழைய அச்சத்தை அழித்துவிட்டுப் புதிய அமைதி வருவதில்லை. அச்சத்தின் பக்கத்திலேயே அமைதியும் சிறிதுசிறிதாகக் கற்றுக்கொள்ளப்படுகிறது. நல்ல குதிப்பு ஒவ்வொன்றும் அதற்கு ஒரு பாடம்.

இத்தகைய மீட்சிக்கு எடுத்துக்காட்டாக அமெரிக்கத் தரைப்படையின் கோல்டன் நைட்ஸ் என்னும் பாராசூட் குழுவைச் சேர்ந்த டேனா போமன் என்பாரைக் கூறலாம். 1994 ஆம் ஆண்டு பிப்ரவரி 6 ஆம் நாள், அரிசோனா மாகாணத்து யூமா நகரில் நடந்த பயிற்சியில், அவரும் அவருடைய தோழரும் நடுவானிற் பெருவேகத்தில் மோதிக்கொண்டனர். தோழர் உயிரிழந்தார், போமன் இரு கால்களையும் இழந்தார். ஒன்பது மாதங்களுக்குப்பின், செயற்கைக் கால்களோடு பாராசூட்டில் இறங்கிவந்து, அவர் மீண்டும் படையிற் சேர்ந்தார். இரு கால்களையும் இழந்தபின் அப்படையில் மீண்டும் சேர்ந்தவர்களுள் அவரே முதல்வர் என்பர். இச்செய்தியைக் கேட்போர் அவருடைய மனவுறுதியை மட்டும் வியப்பர். அவ்வொன்பது மாதங்களின் ஒவ்வொரு நாளிலும் நிற்கவும் நடக்கவும் விழவும் எழவும் அவர் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது என்பதையும் வியத்தல் வேண்டும்.

7. துணிவும் துணிகரமும்

துணிதல் என்பதற்கு ஐயத்தை அறுத்து முடிவுசெய்தல் என்பது பொருள். ஆகவே துணிவுக்கு முன்னே ஆராய்ச்சி நிற்கிறது. துணிகரம் அவ்வாறன்று. நம் வேதாகம மொழிபெயர்ப்பில் அச்சொல், கடவுளின் கட்டளையையும் தன் எல்லையையும் மதியாது மீறிச்செல்லும் குற்றத்திற்கு வழங்குகிறது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். இருவரும் விமானத்தின் வாயிலில் நிற்கின்றனர், இருவரும் பாய்கின்றனர். வேற்றுமை பாய்தலில் இல்லை, அதற்குமுன் செய்தவற்றில் இருக்கிறது.

தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தப்பட்டு, கீழே குதிக்குமாறு தூண்டப்பட்ட நம் ஆண்டவர் அதனை மறுத்தார் என்று சுவிசேஷங்கள் கூறுகின்றன. தூதர் தாங்குவர் என்னும் வாக்கு ஆங்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அவ்வாக்கை அவர் ஐயுறவில்லை. அதனைச் சோதனைக்கருவியாக்க மறுத்தார். இதுகொண்டு வான்குதிப்பே ஆகாது என்பாரும் உளர். அவர்கள் கூற்று முற்றிலும் தள்ளத்தக்கதன்று. தன்னை நம்பியிருக்கும் பெற்றோரும் மனைவி மக்களும் உடையவன், ஒருமுறை காயமுற்றபின், மீண்டும் இவ்விடரை ஏற்கலாமா என்று அவர்களையும் கலந்து எண்ணவே வேண்டும். எண்ணியபின் மீளாதிருக்க முடிவுசெய்தால் அதுவும் துணிவே. குடை மடிக்கவும், இளையோர்க்குத் தரைப்பாடம் கற்பிக்கவும், காற்றை நோக்கி எச்சரிக்கவும் அவன் கை என்றும் பயன்படும். ஆயின் வலியையும் காலத்தையும் இடத்தையும் அளந்து, செயல்வகை தெரிந்து பாய்வதும், அளவாமற் பாய்ந்துவிட்டுக் கடவுள் காப்பார் என்பதும் ஒன்றல்ல. கடவுள் தந்த காப்புகளுள் எண்ணிப்பார்க்கும் அறிவும் ஒன்று. அதனைத் தரையில் விட்டுச் செல்பவன் அவர் காப்பை நாடியவன் ஆகான்.

மீள்வோனைத் துணிகரத்துக்கு இழுப்பவை பெரிய தீமைகள் அல்ல. நண்பர் எதிர்நோக்கியிருக்கின்றனர், பணம் கட்டியாயிற்று, இனி மழைக்காலம் வந்துவிடும், நெடுந்தூரம் பயணஞ்செய்து வந்தாயிற்று, எல்லாரும் விமானத்தில் ஏறிவிட்டனர். இவற்றுள் ஒன்றேனும் கணுக்காலின் நிலையைப் பற்றியதன்று. காற்றின் வேகத்தைப் பற்றியதுமன்று. எனினும் இவையே பலரை வாயில்வரை தள்ளிக்கொண்டு செல்கின்றன.

இதற்கு இக்கலையோரிடத்து ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. 13,000 அடி உயரத்தில், வாயில் திறந்தபின்னும், ஒருவன் தலையை அசைத்து, “இன்று இல்லை” என்று கூறி, இருக்கையில் அமர்ந்து, விமானத்தோடே தரையிறங்கலாம். நல்ல ஆசிரியர் எவரும் அவனைக் காரணம் கேட்டு இகழார். பழகியோரும் அவ்வாறு இறங்கியிருக்கின்றனர். நெடுநாள் விலகியிருந்து மீண்ட ஒருவன், முதல்நாளில் பையைப் பூண்டு மேலே சென்று, தன் நெஞ்சு இன்னும் ஒருப்படாமை கண்டு விமானத்தோடு திரும்புவானாயின், அவன் அன்று தோற்றவன் அல்லன். அவன் அன்று செய்ய வேண்டியதைச் செய்தான். அடுத்த நாளும் வந்து மீண்டும் செய்வதற்குரிய காலையும் கையையும் காத்துக்கொண்டான்.

நம்மில் வான்குதிப்போர் மிகச் சிலரே. ஆயினும் ஆட்டக்களத்திற் கால்முறிந்தும், நோயாற் படிப்பை விட்டும், தேர்வில் தவறியும் விட்ட இடத்துக்கு மீள்வோர் ஆண்டுதோறும் நம் கல்லூரியில் உளர். அவர்களை நோக்கி, “நீ முன்பு இதைச் செய்தவன்தானே, இப்போது ஏன் தயங்குகிறாய்?” என்று நாம் ஊக்குவதுபோல் தள்ளுதல் ஆகாது. அவர்கள் முதல்வகுப்பு மாணவனோடு ஒரே பலகையில் அமர்ந்து முதற்பாடத்தைக் கேட்க விரும்புவாராயின், அருகே சிறிது நகர்ந்து அவர்க்கு இடங்கொடுப்போமாக.